எஞ்சின் வேலைக்கு முதல் ராட்செட்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பிடிப்பது

புதிதாக எஞ்சின் வேலை பழகுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்துத்தான் டூல்ஸ் வாங்குகிறார்கள். 46 பீஸ், 108 பீஸ் என்று எண்ணிக்கை ஏற ஏற நல்ல செட் போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி ஸ்குரூடிரைவர் பிட்டும் ஆலன் கீயும்தான். வேலை நேரம் முழுக்கக் கையில் இருக்கப்போவது ராட்செட் ஒன்றே: போல்ட் தலையில் உட்காரும் குழல் போன்ற சாக்கெட்டை முனையில் மாட்டி, ஒரு திசையில் மட்டும் திருப்புகிற கைப்பிடி. அது தரமாக அமைந்துவிட்டால் சாக்கெட்டுகளைத் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே பணத்தின் பெரும்பங்கை ராட்செட்டில் போடுங்கள்.

பைக், கார் எஞ்சின் இரண்டுக்கும் முதல் ராட்செட் 3/8 இன்ச் ஆக இருக்கட்டும். காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

அளவு

ராட்செட்டின் அளவு என்பது சாக்கெட் மாட்டுகிற சதுர முனையின் அளவு. கால் இன்ச், 3/8 இன்ச், அரை இன்ச் மூன்றும் பட்டறையில் புழங்குபவை. சில கம்பெனிகள் இவற்றையே 6.3, 10, 12.5 மி.மீ. என்று அச்சிடுவார்கள், குழம்ப வேண்டாம், சாக்கெட் ஒன்றுக்கொன்று பொருந்தும். முக்கால் இன்ச் லாரி, டிராக்டர் வேலைக்கு உரியது.

நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கால் இன்ச்சும் அரை இன்ச்சும் சுலபமாகக் கிடைக்கும். 3/8 கேட்டால், "அரை இன்ச்சே எடுத்துக்கோங்க, எல்லாத்துக்கும் ஆகும்" என்பார்கள். எஞ்சின் வேலைக்கு அந்த யோசனை ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எஞ்சினில் அதிகம் இருப்பவை எம்6, எம்8, எம்10 போல்ட்டுகள், அதாவது மரையின் விட்டம் 6, 8, 10 மி.மீ. உள்ளவை. ஹோண்டா சர்வீஸ் மேனுவலில் தனியாக இறுக்க அளவு குறிப்பிடாத போல்ட்டுகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் உண்டு: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அலகு), 8 மி.மீ.க்கு 22, 10 மி.மீ.க்கு 34. அரை இன்ச் ராட்செட்டின் கைப்பிடி சுமார் 250 மி.மீ. நீளம். அதன் நுனியில் வெறும் 4 கிலோ விசை கொடுத்தாலே 10 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். ஆனால் அவ்வளவு நீளமான, கனமான கருவியைப் பிடித்த கை தன்னையறியாமல் 15, 20 கிலோ இழுக்கும். 20 கிலோ என்றால் கிட்டத்தட்ட 49 நியூட்டன் மீட்டர், அதாவது தேவையைப் போல ஐந்து மடங்கு. அலுமினியத்தில் இறங்கிய எம்6 போல்ட் ஒன்று முறியும், இல்லையென்றால் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். டேப்பட் கவரிலும் கிளட்ச் கவரிலும் மரை போவதற்கு இதுதான் முதல் காரணம்.

3/8 ராட்செட்டின் கைப்பிடி 180 முதல் 200 மி.மீ. இருக்கும். எம்6 போல்ட் இறுகுவது விரலுக்குத் தெரியும். எம்10 வரைக்கும் இறுக்கத் திராணியும் இருக்கும். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெய்ன் போல்ட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பைக்கின் சைடு கவர்கள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இரண்டாவதாக வாங்க வேண்டியது கால் இன்ச். கார்ப்பரேட்டர், திராட்டில் பாடி, சென்சார், ஏர் பில்டர் பெட்டி போன்ற சின்ன வேலைகளுக்கு. அரை இன்ச்சைக் கடைசியில் வாங்கலாம். வீல் நட், எஞ்சின் மவுண்ட், சஸ்பென்ஷன் வேலை வரும்போது அது வேண்டும். அப்போதும் ராட்செட்டை விட நீளமான அரை இன்ச் பிரேக்கர் பார்தான் (பல் சக்கரம் இல்லாத நீளக் கைப்பிடி) முதலில் உதவும்.

உள்ளே என்ன இருக்கிறது

ராட்செட்டின் தலைக்குள் ஒரு பல் சக்கரம், அதைக் கவ்வுகிற ஒரு நாக்கு, நாக்கைத் தள்ளிப் பிடிக்கிற ஒரு ஸ்பிரிங், திசை மாற்றுகிற லீவர். அவ்வளவுதான். கைப்பிடியில் கொடுக்கிற மொத்த விசையும் நாக்கின் சில பற்கள் வழியாகத்தான் போல்ட்டுக்குப் போகிறது. தரம் என்று பேசுவது அந்தச் சில மில்லிமீட்டரைப் பற்றித்தான்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது பற்களின் எண்ணிக்கை. 360-ஐப் பற்களால் வகுத்தால் ஒரு பல் நகரத் தேவையான வீச்சு கிடைக்கும். 24 பல்லுக்கு 15 டிகிரி, 36-க்கு 10, 72-க்கு 5, 90-க்கு 4. 180 மி.மீ. கைப்பிடியின் நுனியில் இதை அளந்தால் 24 பல்லுக்குக் கை சுமார் 47 மி.மீ. நகர வேண்டும், 36-க்கு 31, 72-க்கு 16. பயர்வாலுக்கும் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பு) எஞ்சினுக்கும் நடுவில் கை நுழையவே இடமில்லாத போல்ட்டில் 47 மி.மீ. வீச்சு கிடைக்காது. ஆகவே 72 பல் நல்ல தேர்வு. ஸ்னாப்-ஆனின் டூயல் 80 வரிசையில் 80 பல், கேடிசியின் நெப்ரோஸ் 3/8-ல் 90 பல், வேராவின் சைக்ளாப்பில் 72.

அதற்கு மேல் எண்ணிக்கைக்காக ஏங்க வேண்டாம். கியர்ரெஞ்ச் 120 என்று விற்பதில் சக்கரத்தில் 60 பல்தான். அரைப்பல் விலகி அமைந்த இரண்டு நாக்குகள் மாறி மாறிக் கவ்வுவதால் 120 நிலைகள் கிடைக்கின்றன. நல்ல வடிவமைப்புதான். ஆனால் அட்டையில் உள்ள எண்ணைப் பலத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதுவே உதாரணம். பற்கள் கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறிதாகும். ஒரே நேரத்தில் எத்தனை பல் கவ்வுகிறது, அவை எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டுள்ளன என்பதுதான் தாங்கும் திறனைத் தீர்மானிக்கும். மலிவான 72 பல் ராட்செட்டை விட நன்றாகச் செய்த 36 பல் ராட்செட் நம்பகமானது. பட்ஜெட் குறைவென்றால் தயங்காமல் 36 பல்லோ 45 பல்லோ எடுங்கள்.

தாங்கும் திறனுக்கு ஓர் அளவுகோல் உண்டு. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3315 அல்லது ஜெர்மன் தரமான டிஐஎன் 3122 என்று பொறித்திருந்தால், சோதனையில் கால் இன்ச் ராட்செட் 62, 3/8 இன்ச் 202, அரை இன்ச் 512 நியூட்டன் மீட்டர் வரை தாங்கியிருக்க வேண்டும். 3/8 ராட்செட்டில் 600 மி.மீ. பைப்பை மாட்டி ஒருவர் 50 கிலோ விசையில் தொங்கினால் 294 நியூட்டன் மீட்டர் ஆகிறது. ராட்செட்டில் பைப் போட்டால் பல் ஏன் பறக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

உடம்பு குரோம் வனேடியம் எஃகாக இருப்பது இன்று பொதுவான விஷயம். அந்த எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எழுத்து இல்லாமல் பளபளப்பு மட்டும் இருந்தால் தொட வேண்டாம். மோசமான குரோம் பூச்சு உரியும்போது அதன் விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

கடை கவுண்டரில் பார்க்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்கினாலும் பிரித்த அன்றே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்ப நாள் இருக்கும்.

1. சதுர முனையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இழையளவு ஆட்டம் இருக்கலாம். லொட லொட என்று ஆடினால் பல் சக்கரம் தன் குழியில் சரியாக உட்காரவில்லை. சுமை ஏறும்போது அது சாய்ந்து, நாக்கின் ஒரு ஓரம் மட்டும் கவ்வும்.

2. இரண்டு திசையிலும் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கிளிக் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மங்கினால் அங்கே பல் சரியில்லை, அல்லது உள்ளே உலோகத்தூள் இருக்கிறது.

3. பின்னிழுப்பைப் பாருங்கள். இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எஞ்சின் வேலைக்கு இதுதான் மிக முக்கியம். சதுர முனையை இரண்டு விரலால் மிக லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னுக்குத் திருப்புங்கள். விரலுக்குள் முனை நிற்க வேண்டும், கைப்பிடி மட்டும் திரும்ப வேண்டும். முனையும் சேர்ந்து திரும்பினால் உள்ளே உராய்வு அதிகம். பாதி கழன்று தளர்ந்த நட்டில் அந்த ராட்செட்டைப் போட்டால் முன்னுக்கு ஒரு வீச்சு கழற்றும், பின்னுக்கு வரும்போது அதே அளவு திரும்ப ஏற்றும். எக்ஸ்டென்ஷன் ராடு போட்டு ஆழத்தில் வேலை செய்யும்போது நட்டைப் பிடிக்க விரலும் போகாது.

4. திசை லீவர் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று சட்டென்று விழ வேண்டும். நடுவில் நின்றால் நாக்கு பாதி கவ்விய நிலையில் இருக்கும். அதே நிலையில் இழுத்தால் வழுக்கும். விரல் பட்டதும் தானாக மாறுகிற லீவரும் ஆபத்துதான்.

5. கடையில் பெஞ்ச் வைஸ் இருந்தால், ஒரு போல்ட்டை அதில் பிடித்து சாக்கெட் மாட்டி மிதமான விசையில் இழுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் போதாது. ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, ஒரு முழுச் சுற்றுக்கும் இழுக்க வேண்டும். எங்காவது ஒரு பல் வழுக்கினாலும் வேண்டாம். 30 கிலோ விசையில் இழுக்கும்போது வழுக்கினால் முட்டிதான் போய் ரேடியேட்டரிலோ பிராக்கெட்டிலோ மோதும்.

6. சாக்கெட்டை மாட்டித் தலைகீழாக உதறுங்கள். விழக் கூடாது. அதே சமயம் எண்ணெய்க் கையால் கழற்றவும் முடிய வேண்டும். எஞ்சினுக்குள் விழுந்த சாக்கெட்டைத் தேடுவது பெரிய வேலை. குவிக் ரிலீஸ் பித்தான் உள்ள ராட்செட்டில் இந்தத் தொல்லை குறைவு. பித்தானுக்காகத் தலை சற்று உயரமாகும்.

7. தலையின் பின்புறம் ஸ்குரூவோ சர்க்ளிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க முடிகிற ராட்செட்டைச் சுத்தம் செய்யலாம், உள் பாகங்களை மாற்றலாம். கோகென், ஸ்டால்வில்லே, ஹாசெட், ஸ்னாப்-ஆன் போன்றவை ராட்செட்டுகளுக்கு ரிப்பேர் கிட் தருகின்றன. ரிவெட் அடித்து மூடியிருந்தால் பல் போன அன்றே இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

நாசிக்கில் இயங்கும் டபாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகள் வீட்டு வேலைக்கும் சின்னப் பட்டறைக்கும் தாங்கும். தைவான் தயாரிப்பான கிங் டோனி அதற்கு அடுத்த படி. ஜப்பான், ஜெர்மன் கருவிகளின் விலை பல மடங்கு. தினமும் எட்டு மணி நேரம் பிடிக்கிறவருக்குப் பின்னிழுப்பிலும் தலையின் உயரத்திலும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பெயர் பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. பொறிப்பு மங்கலாக இருந்தாலோ, பில் கொடுக்கத் தயங்கினாலோ விட்டுவிடுங்கள்.

தலையும் கைப்பிடியும்

பேரிக்காய் வடிவத் தலை ஒடுக்கமானது, இடுக்கில் நுழையும். வட்டத் தலையில் திசை மாற்றும் தட்டு பின்புறம் இருக்கும்; தூசி குறைவாகப் போகும், ஆனால் தலை அகலம். எஞ்சின் வேலைக்குப் பேரிக்காய்த் தலையே வசதி.

தலை மடங்குகிற வகை ஆசையைத் தூண்டும். எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் போன்ற இடங்களில் நிஜமாகவே உதவும். ஆனால் மடங்கும் மூட்டு நாளடைவில் தளரும், சாய்வில் இழுக்கும்போது சாக்கெட் போல்ட்டிலிருந்து நழுவும். முதல் ராட்செட்டாக வேண்டாம்.

ரப்பர் பிடி கைக்கு மெத்தென்று இருக்கும். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டால் சில ரப்பர்கள் ஊறிப் பிசுபிசுக்கும். சொரசொரப்பு வெட்டிய எஃகுக் கைப்பிடியைப் பனியன் வேஸ்ட்டில் ஒரு துடை துடைத்தால் போதும்.

கூடவே வாங்க வேண்டியவை

சாக்கெட்டில் ஆறு பட்டை வகையை மட்டும் வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் போல்ட் தலையின் முனைகளில் சுமையேற்றும். துருப்பிடித்த போல்ட் சீக்கிரம் உருண்டுபோகும்.

ஜப்பானிய வழி வந்த எஞ்சின்களில் எம்6 போல்ட்டுக்கு 8 அல்லது 10, எம்8-க்கு 12, எம்10-க்கு 14 மி.மீ. தலை. ஐரோப்பிய வழி வந்தவற்றில் எம்8-க்கு 13, எம்10-க்கு 16 அல்லது 17 வரும். தொடங்குவதற்கு 8, 10, 12, 13, 14, 17, 19 போதும். இவற்றில் 10, 12, 14 மூன்றுக்கும் நீளமான டீப் சாக்கெட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும் நட்டில் சாதாரண சாக்கெட் உட்காராது. சில ஐரோப்பியக் கார்களில் வெளிப்புற டார்க்ஸ் தலை இருக்கும். அந்த வண்டி வரும்போது வாங்கினால் போதும்.

எக்ஸ்டென்ஷன் ராடு 75, 150, 250 மி.மீ. மூன்றும் தேவைப்படும். ஸ்பார்க் பிளக்குக்கு இன்றைய பல கார்களிலும் ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளிலும் 16 மி.மீ. சாக்கெட், மாருதி 800 காலத்து எஞ்சின்களுக்கு 21. உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட் சில சமயம் பிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷனை விட்டுக் குழியிலேயே தங்கிவிடும். எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

3/8-லிருந்து அரை இன்ச்சுக்கு மாற்றும் அடாப்டரை மட்டும் தவிருங்கள். அது கையில் இருந்தால் 24 மி.மீ. சாக்கெட்டைச் சின்ன ராட்செட்டில் மாட்டி இழுக்கத் தோன்றும்.

போல்ட்டில் கை வைக்கும் வரிசை

முதலில் போல்ட் தலையையும் சுற்றியுள்ள மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். ஆலன் போல்ட்டாக இருந்தால் குழிக்குள் உள்ள மண்ணையும் குத்தி எடுங்கள். சாக்கெட் அடி வரை உட்காராமல் இழுத்தால் தலை உருளும். ஸ்பார்க் பிளக் என்றால் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றிவிட்டு, எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிடுங்கும் அபாயம் அதிகம்.

இறுகிய போல்ட்டின் முதல் உடைப்பை ராட்செட்டுக்குக் கொடுக்காதீர்கள். ரிங் ஸ்பேனராலோ எல் ராடாலோ பிரேக்கர் பாராலோ தளர்த்துங்கள். துரு பிடித்திருந்தால் துருநீக்கி எண்ணெய் தெளித்துக் காத்திருங்கள். போல்ட் "டக்" என்று விட்டுக்கொடுத்த பிறகு மிச்ச மரையைச் சுழற்றி எடுப்பதுதான் ராட்செட்டின் வேலை.

ஒரு கை கைப்பிடியில், மறு கை ராட்செட்டின் தலைமேல். தலையைத் தாங்கிப் பிடித்தால்தான் சாக்கெட் சாயாமல் நிற்கும். எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் இது கட்டாயம். கைப்பிடியை உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளியே ஆக வேண்டிய இடத்தில் விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள், வழுக்கினாலும் முட்டி அடிபடாது.

திரும்பப் பூட்டும்போது ராட்செட்டைக் கீழே வைத்துவிடுங்கள். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் விரலால் பிடித்து மூன்று நான்கு மரை ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் விரலுக்கு உடனே தெரியும். ராட்செட் அதை மறைத்துவிடும். இறுக்கமாக வந்தால் எதிர்த்திசையில் திருப்பி, மரை "டிக்" என்று விழும் இடம் பார்த்து மறுபடி ஏற்றுங்கள். போல்ட் தலை பரப்பில் போய் உட்காரும்வரை ராட்செட். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி), அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு. சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு இதில் சலுகையே கிடையாது: வரிசை, அளவு, கோணம் மூன்றையும் மேனுவல் சொல்கிறபடியே செய்ய வேண்டும்.

வளையத்துக்குள்ளேயே ராட்செட் அமைந்த ரிங் ஸ்பேனர் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ராட்செட்டும் சாக்கெட்டும் சேர்ந்த உயரத்துக்கு இடமில்லாதபோது அது அருமையான கருவி. ஆனால் போல்ட் கழலக் கழல அதன் தலை வெளியே வரும். எதிரில் சேஸிஸோ பிராக்கெட்டோ ஓரிரு சென்டிமீட்டரில் இருந்தால், ஸ்பேனர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். திசை மாற்றும் லீவர் இல்லாத வகையென்றால் போல்ட்டைத் திரும்ப ஏற்றவும் முடியாது, ஸ்பேனரை எடுக்கவும் முடியாது. போல்ட்டின் நீளத்தை உத்தேசித்து, எதிரில் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இந்த வகையை லீவர் உள்ளதாகவே வாங்குவது நல்லது.

சுத்தம்

கிளிக் சத்தம் மந்தமானாலோ பின்னிழுப்பு கூடினாலோ திறக்க வேண்டிய நேரம். ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் கைகளை விட்டுத் திறங்கள். உள்ளே உள்ள சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்தால் பைக்குள்ளேயே கிடக்கும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பழைய டூத் பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, நாக்கின் பல் நுனிகளை வெளிச்சத்தில் பாருங்கள். நுனி கூராக இருந்தால் நல்லது. மழுங்கி வெள்ளையாகப் பளபளத்தால் நாக்கு வழுக்கத் தொடங்கிவிட்டது, ரிப்பேர் கிட் போட வேண்டும்.

வீல் பேரிங் கிரீஸை உள்ளே அப்பாதீர்கள். 72, 90 பல் ராட்செட்டில் கெட்டிக் கிரீஸ் பல் இடுக்கை அடைத்து நாக்கை முழுதாக இறங்க விடாது. நல்ல ராட்செட்டும் வழுக்கும். நீர்த்த கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள், அல்லது இரண்டு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

மூடியதும் இரண்டு திசையிலும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் மட்டும் கிளிக் வந்தால் ஸ்பிரிங்கோ குண்டோ தன் பள்ளத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். எடுத்த படங்களை வைத்துக்கொண்டு மறுபடி திறந்து மாட்டுங்கள், அந்த நிலையில் போல்ட்டில் போடாதீர்கள்.